அப்பாவின் தூண்டில் காயவில்லை!

திண்டுக்கல்காரன் என்று சொன்னால் வெளியூர் ஆசாமிகள் மூன்றே கேள்விதான் கேட்பார்கள். நல்ல பூட்டு எங்கே கிடைக்கும்? நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும்? மலைக்கோட்டை ஏறியிருக்கிறீர்களா? முதல் கேள்விக்கு என் அப்பாவைக் கைகாட்டுவேன். இரண்டாவதற்கு என் தொப்பையை. மூன்றாவதற்கு என் முழங்காலை.

அப்பா முப்பத்தைந்து வருஷம் பூட்டுப் பட்டறையில் அரம் பிடித்து ராவியவர். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததாகப் பேப்பரில் வந்தபோது, ஆவலாக ஓடிப்போய்க் காட்டினேன். "அதை வெச்சு எந்தக் கதவத் தெறக்குறது?" என்று கேட்டுவிட்டு ராசிபலனுக்குப் போய்விட்டார். அவருக்குத் தெரிந்தது இரண்டே உலகம். ஆறு நாள் பட்டறை. ஏழாம் நாள், ஆத்தூர்ப் பக்கம் ஒரு குளத்தங்கரை, பதினைந்தடி மூங்கில் கம்பு, தகர டப்பாவில் மண்புழு.

போன வருஷம் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது. பேச்சும் திரும்பிவிட்டது (அம்மாவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்). வலது கையின் பிடி மட்டும் பாதியோடு நின்றுவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூங்கிலைத் தூக்கிப் பார்த்தார். மூலையில் சாத்தினார். அவ்வளவுதான். அதற்கப்புறம் டி.வி.யில் யாராவது மீன் பிடித்தால்கூட சானலை மாற்றிவிடுவார்.

அப்போதுதான் எனக்கு அந்த விபரீத யோசனை வந்தது. அப்பாவுக்கு நானே ஒரு தூண்டில் செய்து கொடுத்தால் என்ன?

*

கடையில் ரெடிமேடாக ராடு கிடைக்கிறதே என்பீர்கள். கிடைக்கிறது. ஆனால் அதன் கைப்பிடி, முழுப் பலம் உள்ள கைக்காகச் செய்தது. அப்பாவின் கைக்குப் பிடி தடிமனாக, மெத்தென்று இருக்க வேண்டும். ராடு இறகு மாதிரி லேசாக இருக்க வேண்டும். ஆளுக்கு ஏற்ற மாதிரி தைத்த சட்டை என்பது போல, ஆளுக்கு ஏற்ற ராடு.

ஏழடி கார்பன் குச்சி ஒன்றை ஆன்லைனில் தருவித்தேன். இந்த மொட்டைக் குச்சிக்கு 'பிளாங்க்' என்று பெயர். நரம்பு ஓடுவதற்கு ஏழு வளையம். கைப்பிடிக்கு, ரப்பர் செருப்பு செய்கிற அதே ஈ.வி.ஏ. நுரை. வளையத்தின் கால்களைக் குச்சியோடு சேர்த்து, இழைக்கு இழை இடைவெளி விடாமல் நூலால் சுற்ற வேண்டும். மூன்று சாயங்காலம் உட்கார்ந்து சுற்றினேன். "சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாத மனுஷன்" என்று என் தர்மபத்தினி வாசலில் நின்று அக்கம்பக்கத்தாருக்கு நேர்முக வர்ணனை கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சுற்றிய நூல் பிரியாமல், நனையாமல் இருக்க அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வேண்டும். அந்தக் காலத்தில் பட்டு நூலைச் சுற்றி வார்னிஷ் அடித்தார்கள். மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற துரை, 1873-ல் 'தி ராட் இன் இந்தியா' என்று நம் ஊர் மீன்களைத் தூண்டிலில் பிடிப்பது பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அவர் தலைமுறையின் ராடுகள் எல்லாம் வார்னிஷ் ராடுகள்தான். வார்னிஷ் காற்றில் காயும். பொறுமையாகக் காத்திருந்தால் போதும்.

இப்போது வார்னிஷின் இடத்தில் எபாக்சி. ஒரு பாட்டிலில் ரெசின், இன்னொன்றில் ஹார்டனர். இரண்டையும் கலந்து பூசினால் இறுகி, கண்ணாடியாகிவிடும். இதன் பூர்வோத்தரம் தமாஷானது. 1930-களில் சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டன் என்ற விஞ்ஞானி பல்செட் செய்வதற்குத் தோதான பொருளைத் தேடப்போய்க் கண்டுபிடித்த சங்கதி இது. 1946-ல் அரால்டைட் என்ற பெயரில் பசையாகக் கடைக்கு வந்தது. குழாய் ஒழுகினால் நாம் உருட்டி அப்புகிற எம்சீலும் இதே வம்சம்தான்.

காய்வது வேறு, இறுகுவது வேறு. இந்த ஒரு வரி அன்றைக்கே எனக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

*

பாட்டிலில் '1:1' என்று போட்டிருந்தது. நான் பி.காம். ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருஷம் பைசா சுத்தமாக டோட்டல் போட்டவன். சும்மா கண்ணளவில் ஊற்றுவேனா? நகை எடை போடும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்றை இரவல் வாங்கி, ரெசின் மூன்று கிராம், ஹார்டனர் மூன்று கிராம் என்று துல்லியமாக நிறுத்துக் கலந்தேன். பூசினேன். ஏழு வளையமும் தங்க நூலில் பளபளத்தன. எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது.

மறுநாள் காலை தொட்டேன். ஒட்டியது.

அடுத்த நாள் தொட்டேன். ஒட்டியது. மூன்றாம் நாள் அப்பா வந்து விரலை வைத்தார். ஆதார் கார்டுக்கு ரேகை எடுத்த மாதிரி பெருவிரல் ரேகை அப்படியே பதிந்தது.

"என்னடா இது, பலாப்பழம் அரிஞ்ச கத்தி மாதிரி இருக்கு?"

"காயணும்பா. ஐப்பசி மழை பாருங்க, ஈரம்."

வெயில் அடித்த நாளாகப் பார்த்து மொட்டை மாடியில் வைத்தேன். சூட்டில் பூச்சு இளகி ஒரு பக்கமாக இறங்கி, வளையத்துக்கு வளையம் தொப்பை போட்டது. போதாததற்கு ஒரு கொசு வந்து உட்கார்ந்து நிரந்தரக் குடியுரிமை வாங்கிக்கொண்டது. 1993-ல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் மரப்பிசினுக்குள் ஒரு கொசு இருக்குமே, அதே போஸ்.

ஊருக்கு வெளியே ஃபைபர் ஷெட் வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் போனேன். பைக்கின் ஃபைபர் பாகங்கள், கூரைத் தகடு, கோயில் பொம்மை எல்லாம் செய்கிறவர். பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொன்னார். "ஹார்டனர் பத்தலை மாப்ள. அடுத்த கோட்டுல நாலு சொட்டு கூடப் போடு. சும்மா கிண்ணுனு நிக்கும்."

நாலு சொட்டு என்ன, தாராளமாக ஆறு சொட்டுப் போட்டுப் பழைய பூச்சின் மேலேயே இரண்டாவது கோட் அடித்தேன். முன்பு பலாப்பழக் கத்தி. இப்போது சூயிங் கம். ராடைத் தொட்டவர்கள் எல்லாம் 'ஙே' என்று விழித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி அப்பா ஒன்றும் சொல்லவில்லை. "இதுக்கெல்லாம் ஏன்டா மெனக்கெடுற" என்றார். திட்டியிருந்தால் தேவலை. அவர் குரலில் 'இனிமேல் எதற்கு' என்று ஒன்று இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

*

எங்கள் எதிர் வீட்டில் ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி வாத்தியார் ஒருவர் இருக்கிறார். ராடையும் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றி லேபிளைப் படித்தார்.

"தம்பி, இதுல 'பை வால்யூம்'னு பொடி எழுத்துல போட்டிருக்கான். நீ எதை வெச்சு அளந்த?"

"தராசு சார்."

"வெளங்கிரும்."

அப்புறம் அவர் நடத்திய பாடத்தை அப்படியே தருகிறேன். ரெசினும் ஹார்டனரும் ஒரே கனம் இல்லை. ரெசின் கனம், ஹார்டனர் லேசு. தொழிற்சாலைகளில் புழங்கும் அரால்டைட் ஏ.டபிள்யூ.106, எச்.வி.953 ஜோடியை எடுத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவில் 100-க்கு 100. ஆனால் எடையில் 100-க்கு 80. எடை பார்த்துச் சமமாகக் கலந்தால் ஹார்டனர் கால்வாசி அதிகமாகப் போய்விடும்.

"போனா என்ன சார்? கூடத்தானே போயிருக்கு?"

"கல்யாண மண்டபம்னு வெச்சுக்க. நூறு பொண்ணு, 125 மாப்பிள்ளை. ஒருத்திக்கு ஒருத்தன்தான். மிச்சம் 25 பேர் என்ன செய்வான்? மண்டபத்துக்குள்ளயே சுத்திக்கிட்டுத் திரிவான். அதான் தம்பி உன் பிசுபிசுப்பு."

ரெசின் மூலக்கூறின் நுனியில் இரண்டு கார்பன், ஓர் ஆக்சிஜன் சேர்ந்த முக்கோண வளையம் இருக்கிறது. எப்போதும் விறைப்பாகவே இருக்கும். ஹார்டனரில் இருக்கும் அமீனின் ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஒரு வளையத்தைத் திறந்து கைகோக்கும். இப்படிக் கோத்துக் கோத்து வலை மாதிரி பின்னிக்கொள்வதுதான் இறுகுவது. இதில் ஆவியாகிப் போக ஒன்றுமில்லை. ஜோடி கிடைக்காமல் நிற்கிற ஹார்டனரை வெயில் விரட்டாது, ஃபேன் விரட்டாது, வருஷக்கணக்கில் காத்திருந்தாலும் போகாது.

"அப்ப ஃபைபர் ஷெட்டுல சொன்னது பொய்யா சார்?"

"அவர் தொழிலுக்கு அது சரி. அவர் உபயோகிக்கிறது பாலியெஸ்டர் ரெசின். அதுல ஹார்டனர்ங்கிறது தீக்குச்சி மாதிரி, பத்த வெக்கிறதோட அதன் வேலை முடிஞ்சது. ஒரு அளவுக்குள்ள கூட்டினா சீக்கிரம் இறுகும், குறைச்சா மெதுவா இறுகும். எபாக்சியில ஹார்டனர் தீக்குச்சி இல்லப்பா, பாதி விறகே அதான். ரெண்டுக்கும் பேர் ஒண்ணுங்கிறதால வந்த வினை."

எனக்குச் சுரீரென்று உறைத்தது. டெபிட்டுக்குக் கிரெடிட் இருந்தால்தான் டாலி ஆகும் என்று மூன்று வருஷம் படித்தவன் நான். டாலி ஆகாத பேரேட்டை வெயிலில் காயவைத்தால் டாலி ஆகுமா? முதல் பக்கத்தில் விட்ட தப்பை மார்ச் 31-ஆம் தேதி ராத்திரி சரிக்கட்டப் பார்க்கிற ஆபீஸ் ஆசாமிகள் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஜாதியிலேயே நானும் சேர்ந்துவிட்டேன்.

*

இதற்குள் வீட்டில் ஒரு காரியம் நடந்திருந்தது. நான் திரும்பி வந்தபோது அப்பா திண்ணையில் ராடை மடியில் வைத்துக்கொண்டு, வளையத்தின் கால் மேலேயே பிளேடை ஓட்டி (குச்சியில் கீறல் விழக் கூடாது), நூலைப் பிரித்து எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்பிரிட் நனைத்த துணியால் மிச்சப் பிசினை ஒற்றி ஒற்றித் துடைத்தார். "மொதத் தப்பு மேலயே ரெண்டாவது வேலை செஞ்சா, அது வேலை இல்ல, மூடி மறைக்கிறது" என்றார். பட்டறை வசனம்.

(நியாயமாகச் சொன்னால், முதல் கோட் லேசாக ஒட்டுகிறது என்ற அளவில் நின்றிருந்தால், சரியாகக் கலந்த இன்னொரு கோட்டை மேலே பூசியே பல சமயம் காப்பாற்றிவிடலாமாம். நான்தான் ஆறு சொட்டுப் போட்டு அந்த வழியையும் அடைத்திருந்தேன்.)

மறுபடி நூல் சுற்றினோம். இந்தத் தடவை சரியாக. வாசக நண்பர்களில் யாருக்காவது இந்தக் கிறுக்கு பிடித்தால் உதவும் என்பதற்காக விலாவாரியாக எழுதுகிறேன்.

இரண்டு புது ஊசி சிரிஞ்சு, ஒன்று ரெசினுக்கு, ஒன்று ஹார்டனருக்கு. மாற்றக் கூடாது. ஆளுக்கு 3 சி.சி. பூசுவதற்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் 1 சி.சி.யில் 0.2 பிசகினால் தப்பு 20 சதவிகிதம், 3 சி.சி.யில் அதே பிசகு ஏழு சதவிகிதத்துக்கும் கீழே. (பி.காம். வீண் போகவில்லை.) கையில் உறை கட்டாயம். இறுகாத எபாக்சி தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் சிலருக்கு அலர்ஜி பிடித்துக்கொண்டு லேசில் விடாது.

கலக்குவது நாலு நிமிஷம், நிதானமாக. கிண்ணத்தின் சுவரையும் அடியையும் வழித்து வழித்துக் கலக்க வேண்டும். ஓரத்தில் கலக்காமல் ஒட்டிக்கொண்டிருந்த துளி பிரஷ்ஷில் வந்தால் அந்த இடம் மட்டும் இறுகாது. காபி ஆற்றுகிற வேகத்தில் கலக்கினால் குமிழி. கலந்ததும் ஒரு தகரத் தாளில் பரப்பிவிட வேண்டும். கிண்ணத்திலேயே குவிந்திருந்தால் தன் சூட்டிலேயே வேகமாக இறுகிவிடும். பத்து டிகிரி வெப்பம் கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. திண்டுக்கல் சித்திரை மாதத்துக்கு இது மிக முக்கியம். பூசிய பிறகு தெரியும் குமிழிக்கு, ஸ்பிரிட் விளக்கின் சூட்டை இரண்டு வினாடி தள்ளிக் காட்டினால் உடைந்து ஓடிவிடும்.

இன்னொன்று. எல்லாப் பிசுபிசுப்பும் ஒன்றில்லை. எல்லா இடத்திலும் ஒட்டினால் அளவுத் தப்பு. அங்கங்கே திட்டுத் திட்டாக ஒட்டினால் கலக்கல் தப்பு. உள்ளே கெட்டியாக இருந்து மேலே மட்டும் எண்ணெய்ப் பசை மாதிரி வழுக்கினால், மழை ஈரமும் காற்றிலுள்ள கரியமில வாயுவும் ஹார்டனரோடு செய்த குசும்பு. ஈரத் துணியால் துடைத்தால் போய்விடும். குளிரில் மெதுவாக இறுகினால் மட்டுமே காத்திருப்பதில் பிரயோஜனம் உண்டு.

கடைசியாக, பூச்சு ஒரு பக்கம் இறங்காமலிருக்க ராடு மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய சாமான் கடையில், ஜவுளிக்கடை ஷோகேஸில் பொம்மை சுற்றும் மோட்டார் ஒன்று அகப்பட்டது. மாட்டிவிட்டேன். ராடு நிமிஷத்துக்கு ஏழெட்டுச் சுற்று சுற்றியது. "கிரில் சிக்கன் கடை ஆரம்பிச்சாச்சா?" என்று எட்டிப் பார்த்தாள் ம.ம.

*

பூசி முடித்த அரை மணியில் இடி இடித்தது. கரண்ட் போனது.

மோட்டார் நின்றது. பூச்சு இன்னும் தேன் பதத்தில் இருந்தது. எப்படியும் மூன்று மணி நேரமாவது சுற்றியாக வேண்டும்.

"கையால திருப்புவோம்" என்றார் அப்பா.

மெழுகுவத்தியைத் தள்ளி வைத்துவிட்டு இருவரும் ராடின் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். ஒன்றரை இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் கால் சுற்று. நான் செல்போனில் நேரம் பார்த்தேன். அப்பா பார்க்கவேயில்லை. முப்பத்தைந்து வருஷ அரத்தின் தாளம் உடம்பிலேயே இருந்தது போலும். மழை கொட்டியது. வெகுநேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அம்மா வழியாகத்தான்.

பத்து மணி இருக்கும். "கை அவ்வளவுதான், போயிருச்சுன்னுதான் நெனச்சேன்" என்றார், இருட்டைப் பார்த்து.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. "திருப்புங்கப்பா, ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றேன்.

திருப்பினார். அப்போதுதான் கவனித்தேன். இரண்டு மணி நேரமாக அவர் வலது கையால்தான் திருப்பிக்கொண்டிருந்தார்.

பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட எழுந்தேன். "வேணாம், இன்னும் கொஞ்ச நேரம்தான, பாத்துக்கிருவோம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் முழுக்க அந்த அறையைப் பூட்டி வைத்தேன் (திண்டுக்கல் பூட்டு). தொட்டுப் பார்க்கிற ஆசைதான் எபாக்சிக்கு முதல் எதிரி. மூன்றாம் நாள் காலை அப்பா போய் நகத்தால் தட்டினார். டிக்கென்று சத்தம் வந்தது. ரேகை விழவில்லை. முழு உறுதி வர இன்னும் நாலைந்து நாள் விட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆத்தூர்ப் பக்கம் கிளம்பினோம். குளத்துக் குத்தகைக்காரர் அப்பாவின் பழைய சிநேகிதர். "ஆளையே காணோமே?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று ஜிலேபிக் கெண்டை கிடைத்தது. உள்ளங்கை அகலம்தான். மூன்றையும் வலது கையால் இழுத்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினேன். பிளாங்க், வளையம், எபாக்சி இரண்டு செட், மோட்டார், சிரிஞ்சு எல்லாம் சேர்த்து 4,200 ரூபாய். மூன்று மீன். மீன் ஒன்றுக்கு 1,400 ரூபாய். எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

மீனுக்கு மார்க்கெட் விலையைக் கழித்துவிட்டு, மிச்சத்தைக் குட்வில் கணக்கில் எழுதினேன். டாலி ஆகிவிட்டது.